மெலிந்தாலும் பேச்சு, பெருத்தாலும் பேச்சு

எங்கள் ஊரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், நாம் சொன்ன சலாமுக்குப் பதில் வருவதற்கு முன்பே நம் உடம்பைப் பற்றிய தீர்ப்பு வந்துவிடுகிறது. "என்னகா, இப்பிடிப் பெருத்துப் பெய்த்தாய்?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த வருடம் அதே பெண் மெலிந்து வந்தால், "என்னகா, இப்பிடி வாடிப் பெய்த்தாய், சீனி வருத்தமா?" என்று அதே ஆள் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்பதில்லை. அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். கேட்கப்பட்ட பெண்தான் சாப்பாட்டுச் சஹனுக்கு முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

இது நற்பிட்டிமுனையில் மட்டும் நடப்பதில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இருந்து வரும் என் தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்களும் இல்லை. அவர்கள் நம் மாமிமார், பெரியம்மாமார், பக்கத்து வீட்டு ராத்தாமார். நோன்பு காலத்தில் நம் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு வருபவர்களும் அவர்கள்தான். அதனால் யாரையும் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். உடம்பைப் பற்றிப் பேசக் கூடாத இடத்தில் நாங்கள் அதிகம் பேசுகிறோம். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். இந்த இரண்டும் சேர்ந்து என் சாச்சியை ஏழு மாதம் வதைத்தன.

சாச்சியிடம் கேட்டு, அவர் "எழுது மகள், நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

சாச்சி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து அபாயாவும் சட்டையும் தைப்பவர். மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு அவருக்கு உடம்பு வைத்துவிட்டது. ஊர் வழக்கப்படி அதற்கான பேச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் இரத்தப் பரிசோதனையில் சீனி கூடியிருப்பது தெரிந்தது. மருந்தோடு நிறையையும் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். சாச்சி பிடிவாதக்காரி. தேநீரில் சீனியை நிறுத்தினார். இரவுச் சோற்றைக் குறைத்தார். சுபஹு தொழுதுவிட்டு வயல் பக்கமாக நடக்கத் தொடங்கினார். ஒரு வருடத்தில் 14 கிலோ குறைந்தது. சீனியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வைத்தியர் பாராட்டினார்.

ஊர் பாராட்டவில்லை. "முகம் வத்திப் பெய்த்து", "கிழவி மாதிரி ஆகிட்டாய்", "முந்தி இருந்த வடிவு இப்ப இல்ல" என்று ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒருவர் சாச்சியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டை தொங்குகிறது, உடம்பே இல்லையே என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னாராம். அந்த நாளுக்குப் பிறகு சாச்சி கலியாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால் "தையல் வேல கிடக்கு" என்பார்.

உண்மையில் அந்தச் சொல் அவர் ஏற்கனவே தனியாக வேதனைப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில்தான் பட்டிருக்கிறது. நிறை குறைந்தபோது அவருடைய மார்பகங்களும் சுருங்கித் தளர்ந்திருந்தன. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவு நாடா பிடிப்பவர் அவர். தன் அளவு மாறியது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தனக்கு மட்டும் ஏதோ கோளாறு வந்துவிட்டது என்று நினைத்தார். விளம்பரத்தைப் பார்த்து, இறுக்கமாக்கும் என்று சொன்ன ஒரு கிரீமை யாருக்கும் தெரியாமல் வாங்கிப் பூசினார். பணம் போனதுதான் மிச்சம். வீட்டுக்குள்ளும் பெரிய ஷோலைப் போர்த்திக்கொண்டு திரிந்தார். சித்திரை வெயிலிலும் ஏன் இப்படிப் போர்த்திக்கொள்கிறார் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

இதற்கிடையில்தான் ஒரு நாள் குளிக்கும்போது இடது பக்கத்தில் சிறிய கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டிருக்கிறது.

சாச்சி அதை யாரிடமும் சொல்லவில்லை. சாச்சப்பாவிடமும் இல்லை, என் உம்மாவிடமும் இல்லை. எல்லாம் மாறிப்போன உடம்பில் இதுவும் ஒரு மாற்றமாக இருக்கும் என்று ஒரு நேரம் தன்னைத் தேற்றிக்கொள்வாராம். இன்னொரு நேரம், மார்பில் கட்டி என்றால் மஹரகம என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருப்பாராம். எங்கள் வீடுகளில் 'மஹரகம' என்ற ஊர்ப் பெயரையே மெதுவாகத்தான் உச்சரிப்போம். அந்த வைத்தியசாலைக்கு இப்போது 'அபேக்ஷா' என்று பெயர். சிங்களத்தில் அதற்கு எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். ஆனால் நாங்கள் இன்னும் பயத்தோடுதான் சொல்கிறோம். சாச்சிக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு வருகிற நேரம். "உம்மாவுக்கு அந்த வருத்தமாம்" என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும் என்று பயந்தார். அப்படியே ஏழு மாதம் போனது.

எங்கள் ராத்தாவின் குழந்தையைப் பார்க்க ஒரு நாள் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். நாங்கள் 'மிட்வைஃப் மிஸ்' என்று கூப்பிடுவோம். குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டுப் புறப்பட்டவரைச் சாச்சி குசினிக்குள் கூப்பிட்டார். பத்து நிமிடம் கதவு மூடியிருந்தது. வெளியே வந்தபோது சாச்சியின் கண் சிவந்திருந்தது. மறுநாளே உம்மாவும் சாச்சியும் வைத்தியசாலைக்குப் போனார்கள். பெண் வைத்தியர் ஒருவர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் சிறிது நீர் எடுத்துச் சோதித்தார்கள். அது நீர் நிறைந்த சாதாரணக் கட்டி. அல்ஹம்துலில்லாஹ்! முன்பே இருந்த கட்டி, மெலிந்த பிறகுதான் கைக்குத் தெரிந்திருக்கலாம் என்று வைத்தியர் விளக்கினார். மார்பகம் தளர்ந்ததைப் பற்றிச் சாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, நிறை குறைந்த பெண்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், அது நோய் அல்ல என்று அவர் சொன்னார்.

முடிவு நல்லதாக இருந்ததற்கு நாங்கள் யாரும் பெருமைப்பட முடியாது. அது வேறு விதமான கட்டியாக இருந்திருந்தால் அந்த ஏழு மாதங்களை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

இனி, சாச்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத அந்தச் சிறிய விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். மார்பகம் என்பது பால் சுரப்பிகளும் கொழுப்பும் அவற்றைத் தாங்கும் நார் இழையங்களும் சேர்ந்த ஓர் உறுப்பு. அதற்குள் தசை இல்லை. தசை இருப்பது அதற்குப் பின்னால், நெஞ்சுச் சுவரில். உடல் நிறை குறையும்போது வயிற்றிலும் முகத்திலும் கொழுப்புக் குறைவது போல அங்கேயும் குறைகிறது. வருடக்கணக்காக விரிந்திருந்த தோல் அதே வேகத்தில் சுருங்குவதில்லை. வயது, பிள்ளைப்பேறு, பரம்பரை எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் தளர்வு. நெஞ்சுத் தசைக்கான உடற்பயிற்சி தசையைப் பலப்படுத்தும். அளவான, தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை அணிந்தால் தோள் வலியும் கூனலும் குறையும். சாச்சி இப்போது பழைய அளவை விட்டுவிட்டுப் புதிய அளவில் தனக்குத் தைத்துக்கொள்கிறார். ஆனால் போன கொழுப்பைத் திருப்பித் தரக்கூடிய கிரீம் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் துல்லியமாக ஒரே அளவில் இல்லாததும் பெரும்பாலான பெண்களுக்கு இயல்பானதுதான்.

இயல்பில்லாதவை வேறு. மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி, ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறுதல், தோலில் குழி விழுதல், காம்பு திடீரென்று உள்ளிழுத்துக்கொள்ளுதல், இரத்தம் கலந்த கசிவு, ஆறாத புண் ஆகியவற்றில் எது வந்தாலும் காட்ட வேண்டும். முயற்சி செய்யாமலே உடல் மெலிந்துகொண்டு போனாலும் காட்ட வேண்டும். கட்டிகளில் அதிகமானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று சொல்லக்கூடியது பரிசோதனை மட்டும்தான். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுகிற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். நேரத்தோடு கண்டுபிடித்தால் நன்றாகக் குணப்படுத்தக்கூடியதும் அதுதான்.

இதற்காக எங்கள் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காகவே தொடங்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ஊடாக, பணம் இல்லாமல், இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பிரசவ கிளினிக்குக்கு ஒரு நாளும் தவறாமல் போன எங்கள் உம்மாமார், பிள்ளைகள் வளர்ந்ததும் தங்களுக்கென்று இருக்கிற கிளினிக்குக்குப் போவதில்லை. பிள்ளைக்காக என்றால் உடம்பைக் காட்டலாம், தனக்காக என்றால் வெட்கம். இது என்ன நியாயம்?

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று படித்து வளர்ந்தவள் நான். அதை மறுக்கவில்லை. ஆனால் அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் எதற்காகப் பாராட்டினார்கள் என்பதையும் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். மார்க்கத்தைக் கற்றுக்கொள்வதற்கு அந்தப் பெண்களின் வெட்கம் தடையாக இருக்கவில்லை என்பதுதான் அந்தப் பாராட்டு. அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிய கேள்விகளை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார்கள். உடம்பை மூடுவது ஹயா. உடம்பில் இருக்கும் நோயையும் சேர்த்து மூடுவது ஹயா அல்ல.

வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது நம் நாக்கு. சபிய்யா (ரழி) அவர்கள் உயரம் குறைந்தவர் என்பதை ஆயிஷா (ரழி) அவர்கள் ஒரு முறை குறிப்பாகச் சொன்னபோது, கடலில் கலந்தால் கடலையே கெடுத்துவிடக்கூடிய ஒரு சொல்லைச் சொல்லிவிட்டீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஹதீஸ் இருக்கிறது. நாங்கள் கடற்கரைப் பக்கத்து மக்கள். கல்முனைக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உவமையின் கனம் தெரியும். ஒருவரின் உயரத்தைப் பற்றிய ஒரு சொல்லுக்கே அப்படியென்றால், ஒரு கலியாண வீட்டில் நாங்கள் கொட்டிவிட்டு வருகிற சொற்களுக்கு எத்தனை கடல் வேண்டும்? சூரத்துல் ஹுஜுராத்தில் பரிகாசம் செய்வதைத் தடுக்கும்போது, பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதை அல்லாஹ் தனியாகவே குறிப்பிட்டுத் தடுத்திருக்கிறான்.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிஷா (ரழி) அவர்கள் உடல் இலேசாக இருந்த காலத்தில் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி முந்தினார்கள். பிறகு உடம்பு வைத்த காலத்தில் மறுபடியும் ஓடினார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் முந்தி, அன்றைக்கு இது சரியாகிவிட்டது என்பது போலச் சிரித்துச் சொன்னார்கள். ஒரு பெண்ணின் உடம்பு மாறியிருக்கிறது. அந்த வீட்டில் அதற்காக வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. சேர்ந்து ஓடுவதும் நிற்கவில்லை. நம் வீடுகளில் இந்த ஹதீஸை ஏன் அதிகம் சொல்வதில்லை என்று நான் யோசிப்பதுண்டு.

இப்போது என் வயதுப் பிள்ளைகளைப் பற்றி. சாச்சியைப் போல வைத்தியர் சொல்லி மெலிபவர்கள் எங்களில் யாரும் இல்லை. கைப்பேசியைப் பார்த்து மெலிய நினைப்பவர்கள்தான் இருக்கிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில், ஒரு மாமி என் கன்னத்தைக் கிள்ளிச் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பல நாள் பகல் சாப்பாட்டை உம்மாவுக்குத் தெரியாமல் தவிர்த்தேன். நான் மெலிந்ததோ இல்லையோ, கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தேன். முடி கொட்டியது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. வளர்கிற உடம்பிடம் இருந்து உணவைத் திருடினால் அது வேறு எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பசிபிக் கடலில் பிஜி என்றொரு தீவு நாடு இருக்கிறது. அங்கே சதைப்பிடிப்பான உடம்பைத்தான் நல்ல உடம்பு என்று தலைமுறை தலைமுறையாக நினைத்து வந்தார்கள். சாப்பிடு, சாப்பிடு என்று உபசரிப்பதில் நம் ஊருக்குக் குறைந்தவர்கள் இல்லை. 1995இல் நட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. மூன்று வருடங்கள் கழித்து, ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் எங்கள் வயதுப் பாடசாலை மாணவிகளிடம் கேட்டபோது, 74 சதவீதமானவர்கள் தாங்கள் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாகச் சில வேளையாவது உணர்வதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் உடம்பு மூன்று வருடத்தில் மாறிவிடவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு திரை வந்தது, அவ்வளவுதான். அவர்கள் வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி. எங்களுக்கு ஆளுக்கொரு திரை, அதுவும் வெளிச்சமும் பில்டரும் போட்டுத் திருத்திய முகங்களோடு.

சிலர் கேட்பார்கள்: "அக்கறையிலதானே கேக்கிறோம், அதுவும் குத்தமா?" நியாயமான கேள்வி. என் மூத்தம்மாவும் என்னைக் கண்டால் முதலில் "மெலிஞ்சிட்டாய் மகள்" என்றுதான் சொல்வார். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட மாட்டார். பக்கத்தில் உட்கார வைத்து, என்ன சாப்பிட்டாய், நித்திரை கொள்கிறாயா, பரீட்சைப் பயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் வரும் வரைக்கும் கையை விட மாட்டார். அது அக்கறை. நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவதற்கு அக்கறை என்று பெயர் வைக்க முடியாது. உண்மையிலேயே பயம் இருந்தால், தனியாகக் கூப்பிட்டு, "உடம்புக்கு ஏதும் செய்யுதா? கிளினிக்குக்கு நானும் துணைக்கு வாறன்" என்று சொல்லலாமே. சாச்சிக்கு அந்த ஏழு மாதத்தில் அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் போதும்.

உம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளுக்கு வயது வந்தபோது குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, மூன்று வேளையும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தீர்கள். அதோடு, இந்த உடம்பு இனி எப்படி எப்படி மாறும், எது இயல்பு, எதைக் கண்டால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் கைப்பேசியிடம்தான் கேட்போம். அது சொல்வது உண்மையா, கிரீம் விற்கிற கதையா என்று எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உங்கள் முறை வந்தால் நீங்களும் கிளினிக்குக்குப் போய்வாருங்கள். நீங்கள் போவதைப் பார்த்தால்தான் நாளைக்கு நாங்கள் போவோம்.

வாப்பாமாரிடமும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெண் வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொன்னால், என்ன வருத்தம் என்று துருவாமல் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் வைத்தியர் இருக்கிற நேரத்தை விசாரித்து வைப்பது உங்களால் முடிகிற பெரிய உதவி.

என் தோழிகளே, 20 வயதிலிருந்து மாதம் ஒரு முறை தன் மார்பகத்தைத் தானே பரிசோதிக்கும்படி சுகாதாரத் துறை சொல்கிறது. மாதவிடாய் முடிந்த சில நாட்களில் அதைச் செய்யலாம். அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். உடம்பைப் பார்க்கிற அந்த ஐந்து நிமிடம் குறை கண்டுபிடிப்பதற்கான நேரமல்ல, அமானிதமாகத் தரப்பட்ட ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் நேரம். அடுத்த கலியாண வீட்டில், ஒருத்தியைக் கண்டதும் நாக்கு நுனிக்கு வருகிற அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "சுகமா இரிக்கியா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லுங்கள்.

போன மாதம் ஒரு வலிமாவுக்குச் சாச்சியும் வந்தார். தானே தைத்த புதுச் சட்டை, அளவாக இருந்தது. வாசலிலேயே ஒருவர், "என்னகா, நீ இன்னும்..." என்று தொடங்கினார். மூத்தம்மா குறுக்கே போனார். "அவள் சுகமா இரிக்காள். நீ சுகமா இரிக்கியா, அதச் சொல்லு" என்று கேட்டுவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆளுக்கு முதலில் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிறகு மெதுவாக, "எங்க தாத்தா, முழங்கால் வலிதான் நித்திரை கொள்ள விடுதில்ல" என்றார். அவரிடமும் அதுவரைக்கும் யாரும் கேட்டிருக்கவில்லை போல.

நாங்கள் நான்கு பேரும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம்.